கும்ரி கடித்த ரொட்டி

இருபத்திரண்டு வருஷமாக ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். குஜந்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற இந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் மதியம்வரை என் முன்னால் வருவதெல்லாம் கைகள்தான். முகத்தை யார் பார்க்கிறார்கள்? கும்ரியையும் எனக்கு முதலில் கையால்தான் தெரியும். விரல் நுனியெல்லாம் வெடித்து, கந்தகப் புகை வாடை அடிக்கிற கை. இஸ்ஃபரா பக்கம் ஆப்ரிகாட் பழத்துக்குக் கந்தகம் காட்டிக் காயப்போடுகிற வீட்டு மருமகள் என்று அவள் சொல்லவே வேண்டியதில்லை. நரம்பு மட்டும் கண்ணில் படவே மாட்டேன் என்றது.

அது போன வருஷம் ஜூலை மாதம்.

“எப்ப நாள் வந்துச்சு?” என்று கேட்டேன்.

“நேத்து அக்கா. இன்னிக்கி ரெண்டாவது நாள்.”

“அதுக்கு முன்னாடி?”

“மார்ச்சுல.”

எங்கள் பக்கத்து அறை சனோபர் டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினாள். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. மாதவிலக்கு வந்த இரண்டாவது அல்லது மூன்றாவது நாள், வெறும் வயிற்றில் வரவும் என்று எழுதியிருந்தது. எழுதுவதற்கு என்ன, சுலபமாக எழுதிவிடலாம். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறவளுக்கு இரண்டாவது நாள் என்பது காலண்டரில் இருக்கிற நாள் கிடையாது. மூன்று மாதமும் ஆகும், ஐந்து மாதமும் ஆகும். இவள் அந்தச் சீட்டைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு நாலு மாதம் காத்திருந்திருக்கிறாள்.

“ஏதாச்சும் சாப்பிட்டியா?”

“இல்லக்கா.” கொஞ்சம் நிறுத்தினாள். “ரொட்டி மட்டும். ஒரே ஒரு கடி.”

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

“வெளியூர் கிளம்புறோமில்ல. அம்மா ரொட்டிய நீட்டுனாங்க. கடிக்காம எப்படிக் கிளம்புறது? தொண்டையில அடைச்சுச்சு, அதுக்கு ஒரு கிண்ணம் டீ. சர்க்கரை அவங்களே போட்டுட்டாங்க.” அம்மா என்று அவள் சொன்னது மாமியாரை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த வழக்கம் தெரியாதவள் இல்லை நான். என் மகன் ராணுவத்துக்குப் போனபோது கடித்து வைத்த ரொட்டியைத் துணியில் சுற்றி, இரண்டு வருஷம் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டவள்தான். ஆனாலும் நாலு மாதம் காத்திருந்தது ஒரு கடியில் போயிற்றே! அந்தச் சர்க்கரை டீயோடு இன்சுலினைப் பார்த்தால் என்ன தெரியும்? சனோபர் டாக்டரோ எல்லாவற்றையும் ஒரே நாள் ரத்தத்தில்தான் பார்ப்பார். பாதி பாதியாகக் கொண்டுபோனால் தாளைத் திருப்பி எறிவார்.

“நாளைக்கு வாடி. மூணாவது நாளும் ஆகும்தான்.”

“நாளைக்கா? மாடி பூரா பழம் கெடக்குது அக்கா. இன்னிக்கி விட்டதே பெருசு.”

அழுதால்கூடத் திட்டியிருப்பேன். அவள் அழவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டு, தலைத்துணியை இழுத்து முகவாயை மூடிக்கொண்டாள். மூடியது எதற்கென்று எனக்குத் தெரியும். முகவாயில் முடி. இந்த வியாதிக்காரிகள் எல்லோரும் அப்படித்தான் இழுத்து மூடுவார்கள். நான் மாமியாரின் நம்பரை வாங்கி அவள் எதிரிலேயே போன் போட்டேன்.

“ஹோல்பிபி அக்காங்களா? குஜந்துலேருந்து மவ்ஜூதா பேசுறேன். ரத்தம் எடுக்கிற நர்ஸு.”

“என்னாச்சு, என் மருமக மயங்கி விழுந்துட்டாளா?”

“விழல. தின்னுட்டு வந்திருக்கா. வெறும் வயித்துல அனுப்பணும்னு சீட்டுல எழுதியிருக்கில்ல?”

“வெறும் வயித்துலதான் அனுப்புனேன். ஒரு கடி ரொட்டியெல்லாம் சாப்பாடா?”

“சாப்பாடுதான். அடுத்த தடவை அதைக் குடுக்காதீங்க.”

“இந்தா பாரு பொண்ணு. என் வீட்டு நிலைப்படிய தாண்டி வெளியூர் போறவங்க ரொட்டி கடிச்சிட்டுத்தான் போவாங்க. மிச்ச ரொட்டி அவங்க வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கும். திரும்பி வரவேணாம்னு நெனைக்கிறவங்களத்தான் கடிக்க விடாம அனுப்புறது. என் மருமகள அப்படி அனுப்பச் சொல்றியா? குஜந்துக்காரிக்கு மரியாதை எங்க தெரியப்போகுது!”

போனை வைத்துவிட்டாள். கும்ரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். “அம்மா அப்படித்தான் அக்கா. திட்டுவாங்க, ஆனா கடிச்ச ரொட்டிய பத்திரமா வைப்பாங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கதையைத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். சொந்த ஊர் கோனிபோதோம். இருபது வயதில் இஸ்ஃபரா பக்கத்துக் கிராமத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் தவ்லத்துக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. மார்ச்சில் போனால் டிசம்பரில்தான் வருவான். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை என்று ஊரே பேசியது. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த நாலு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்தது பத்து மாதம்கூட இல்லை. அதில் அவளுக்கு நாள் வந்தது மூன்றே தடவை. மூன்று தடவைக்கு நாலு வருஷம் என்று பெயர்! எனக்கு எரிச்சலாக வரும்.

ஊரில் சும்மா விடுவார்களா? வெங்காயத்தோல் ஆவியில் உட்காரவைத்தார்கள். சூடான மணலில் இடுப்புவரை புதைத்தார்கள். கசப்புக் கஷாயம் கொடுத்தார்கள். அவள் ஒருநாள் கண்ணாடி முன்னால் முகவாய் முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஹோல்பிபி பார்த்துவிட்டு, “எங்க வீட்டுல மீசை வைக்க ஆம்பளைங்க இருக்காங்கம்மா, நீ சிரமப்படாத” என்றாளாம். இதைக் கும்ரி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த இரண்டாவது நாள் நவம்பரில் வந்தது. ஏழு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றாள். உள்ளே வந்ததும் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். ஈரமான ரொட்டித் துண்டு.

“முழுங்கல அக்கா. கன்னத்துல அடக்கிக்கிட்டேன். வண்டி முக்குத் திரும்பினதும் துப்பிட்டேன்.” துண்டை மறுபடி கைக்குட்டையில் மூடினாள். “ரொட்டியத் துப்பிட்டேனே, பாவமில்லையா? கீழ போட மனசு வரல. எங்கயாச்சும் உசரமான எடம் இருக்கா?”

எங்கள் ஊரில் ரொட்டித் துண்டு தரையில் கிடந்தால், எடுத்து நெற்றியில் ஒற்றி, கால் படாத உயரத்தில் வைப்போம். இந்த அறையில் உயரமாக இருப்பது ரத்தக் குழாய்கள் வைக்கிற குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான். நாற்காலி போட்டு ஏறி, அந்தத் துண்டை அதன்மேல் வைத்தேன். இறங்கி வந்து ஊசியை எடுத்தேன். மூன்று தடவை குத்திய பிறகுதான் நரம்பு கிடைத்தது. ஒரு தடவைகூட அவள் முகம் சுளிக்கவில்லை.

நினைத்தபடிதான் வந்தது முடிவு. இன்சுலின் எக்கச்சக்கம், ஆண் ஹார்மோன் கூடுதல். ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் சின்னச் சின்னக் கட்டிகள் கோத்து வைத்த மாதிரி.

“உன் முட்டையெல்லாம் உள்ளதான் இருக்கு, முதிரத்தான் மாட்டேங்குது” என்றார் சனோபர் டாக்டர். “இன்சுலின் இறங்கணும். இந்த மாத்திரைய ஒரு நாள்கூட விடாதே. எடை குறையணும். தினமும் முக்கா மணி நேரம் நட. புருஷன் டிசம்பர்ல வரட்டும், முட்டையை முதிர வைக்க மாத்திரை தர்றேன்.”

நடக்கவாம்! கிராமத்து மருமகள் கை வீசிக்கொண்டு தெருவில் நடந்தால், யாரைப் பார்க்கப் போகிறாள் என்று கேட்க மாட்டார்களா? கும்ரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். முற்றத்துக் குழாயை விட்டுவிட்டு, தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊற்றுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு நாளைக்கு நாலு நடை. ஊற்றுத் தண்ணீரில் டீ நன்றாக இருக்கிறது என்று மாமியாரிடம் சொல்லிவைத்தாள். ஹோல்பிபியும் நாலு வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னாள்.

டிசம்பரில் தவ்லத் வந்தான். நல்ல பையன், கூச்சக்காரன். டாக்டர் அவனுக்கும் சோதனை எழுதினார். ரத்தம் எடுக்கும்போது, “அக்கா, வலிக்குமா?” என்று கேட்டான். “உன் பொண்டாட்டியைக் கேளு, அவ பெரிய அனுபவஸ்தி” என்றேன். காது சிவந்துபோனான். அவனிடம் ஒரு குறையும் இல்லை.

நாள் தானாக வரவில்லை என்பதால் மாத்திரை கொடுத்து வரவழைத்தார்கள். பிறகு ஐந்து நாள் முட்டை முதிர்கிற மாத்திரை. பன்னிரண்டாம் நாள் காலையில் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். “மவ்ஜூதா, முட்டை பத்தொன்பது மில்லிமீட்டர்! வெடிக்கிறதுக்கு ஊசியைப் போடு.” கும்ரியின் இடுப்பில் நானே போட்டேன். “இன்னிக்கும் நாளைக்கும்தான். தவறவிட்டா இந்தத் தடவை போச்சு” என்று இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார் டாக்டர். தவ்லத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். கும்ரி முகத்தில் அப்படியொரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஹோல்பிபியின் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அன்று அஸ்தமனத்துக்குள் அடக்கம் முடிந்தது. அடக்கம் முடிந்தால் ஆயிற்றா? உறவுக்கார ஆண்கள் அங்கியில் கச்சை கட்டிக்கொண்டு மூன்று நாள் சாவு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பெண்கள் உள்ளே. யாரும் வீடு திரும்பக் கூடாது.

மறுநாள் காலையில் கும்ரி போன் செய்தாள். பின்னால் மாடு கத்துகிற சத்தம்.

“அக்கா, மாட்டுக் கொட்டகையிலேருந்து பேசுறேன். அவரு வாசல்ல நிக்கிறாரு. நான் உள்ள டீ ஊத்திக்கிட்டிருக்கேன். நாப்பது தடவை கண்ணு பாத்துக்கிட்டோம், அவ்வளவுதான். நான் எப்படி அக்கா அம்மாகிட்ட இதக் கேப்பேன்? நாக்கு எழல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வரிசையில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருக்கட்டும் என்று வெளியே வந்து ஹோல்பிபிக்குப் போன் போட்டேன்.

“அக்கா, அண்ணன் சேதி கேட்டேன். ஆண்டவன் அவருக்கு நல்ல எடம் குடுக்கட்டும்.”

“ஆமீன். சொல்லு.”

“தவ்லத்தையும் கும்ரியையும் ஒரு ரெண்டு மணி நேரம் வீட்டுக்கு அனுப்பி வைங்க.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நாலு புள்ள பெத்தவங்க நீங்க.”

“என் அண்ணன மண்ணுல வச்சு ஒரு ராத்திரிதான் ஆகுது. வாசல்ல நிக்கிற பையனக் கூப்பிட்டு, போடா, போய் பொண்டாட்டி பக்கத்துல படுடான்னு சொல்லச் சொல்றியா? ஊரு காறித் துப்பாதா?”

“முட்டை ஊரைக் கேட்டுக்கிட்டா வெடிக்கும்? இன்னிக்கோட போயிடும் அக்கா!”

“போகட்டும். இன்னொண்ணு வரும்.”

“உங்க மருமகளுக்கு வராது. அதுதானே அவளுக்கு வியாதியே!”

வைத்துவிட்டாள். என்னை அறியாமல் கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. உள்ளே வந்தால் பதினாறு பேரும் என்னையே பார்த்தார்கள். அன்று குத்தின கைகளில் பாதிக்கு நீலம் பாய்ந்திருக்கும்.

மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போனார்கள். என்ன பிரயோசனம்? ஜனவரி பதினெட்டாம் தேதி கும்ரிக்கு நாள் வந்தது. வழக்கமாக மார்ச்வரை இருக்கிற தவ்லத்தை இந்த வருஷம் பார்த்து மேஸ்திரி முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டான். இருபதாம் தேதி ரொட்டியைக் கடித்துவிட்டு விமானம் ஏறினான். மிச்ச ரொட்டியை ஹோல்பிபி வெள்ளைத் துணியில் கட்டி ஆணியில் மாட்டினாள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் கும்ரி வரவில்லை. இப்படி எத்தனையோ பேர் வராமல் போயிருக்கிறார்கள், ஒவ்வொருத்தியையும் நினைத்துக்கொண்டிருந்தால் எனக்கு வேலை ஓடாது. ஆனாலும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தூசி தட்டும்போதெல்லாம் அவள் ஞாபகம் வரும்.

போன மாதம் வந்தாள். முதலில் எனக்கு ஆளே தெரியவில்லை. பதினோரு கிலோ குறைந்திருக்கிறாள். முகவாயில் துணியை இழுத்து மூடவில்லை. பெரிய மூட்டை ஒன்றைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“முப்பத்துநாலு நாளுக்கு ஒரு தடவை வருது அக்கா!” என்றாள். “மாத்திரை இல்லாம, தானா. மே மாசம் வந்துச்சு, ஜூன்ல வந்துச்சு, இப்ப முந்தாநாள் வந்துச்சு. எல்லாத்தையும் மறுபடி பாக்கணும்னு டாக்டர் போன்ல சொன்னாங்க. இந்த டிசம்பருக்கு அவரு வந்தா, எல்லாம் சரியா இருக்கும் இல்ல?”

“வெறும் வயிறா?”

“சுத்தமா வெறும் வயிறு! அம்மா ரொட்டியே எடுக்கல அக்கா. நீங்க அன்னிக்கி போன்ல சண்டை போட்டது இப்பத்தான் அவங்க தலையில ஏறியிருக்கு.” சிரித்தாள்.

என் கண் சுவரோரம் போனது. “அதென்ன மூட்டை?” என்றேன்.

“என் கல்யாண மெத்தைங்க. பஞ்சு கட்டிதட்டிப் போச்சாம். திரும்புற வழியில கோனிபோதோம்ல எறங்கி, எங்கம்மாகிட்ட குடுத்து அடிச்சு வாங்கிட்டு, பத்து நாள் இருந்துட்டு வான்னாங்க.”

“பத்து நாளா? ஆப்ரிகாட் காலத்துலயா?”

“நானே நம்பலன்னா பாத்துக்கங்களேன்!”

“தவ்லத் என்ன சொல்றான்?”

“அவரு பேசி மூணு வாரமாச்சு. சைட்டுல சிக்னல் இல்லியாம். அம்மாகிட்ட மட்டும் ஒரு தடவை பேசுனாராம்.”

பெயர் பதிய பாஸ்போர்ட் கேட்டேன். எப்போதும் நகல்தான் தருவாள். அசல் மாமியாரின் பெட்டியில் பூட்டியிருக்கும். அன்று, அம்மாவே எடுத்துக் குடுத்தாங்க என்று அசலை மேஜைமேல் வைத்தாள். அதையும் சந்தோஷமாகத்தான் வைத்தாள்.

நரம்பு பளிச்சென்று தெரிந்தது. ஒரே குத்தில் ரத்தம் வந்தது. நாலு குழாய் நிறைந்தது. பழம் குவிந்து கிடக்கிற ஜூலை மாதத்தில் எந்த மாமியார் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்புவாள்? சீதன மெத்தையோடு, பாஸ்போர்ட்டோடு, ரொட்டி கடிக்க விடாமல்? ரொட்டி கொடுக்காதே என்று கத்தியவளும் நான்தானே. பஞ்சை அவள் முழங்கையில் வைத்து மடக்கிவிட்டு, என் மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டினேன்.

“கடி.”

“எதுக்கு அக்கா?”

“இவ்வளவு ரத்தம் எடுத்திருக்கேன். மயக்கம் வரும். கடின்னா கடி.”

கடித்தாள். இரண்டு தடவை மென்றாள். மூன்றாவது தடவை வாய் மெதுவாக நின்றது. கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தாள். சுவரோரம் இருந்த மூட்டையைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த பாஸ்போர்ட்டையும் பார்த்தாள்.

“ரத்தம் எடுத்தப்புறம் கடிச்சுக்கோன்னு பையிலயாச்சும் வச்சு விட்டிருக்கலாம் இல்லக்கா?” என்று கேட்டாள்.

“மறந்திருப்பாங்க” என்றேன்.

“அம்மா மறக்க மாட்டாங்க” என்றாள்.

வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினாள். மிச்ச ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் நீட்டி, குளிர்சாதனப் பெட்டியைக் கண்ணால் காட்டினாள். நாற்காலி போட்டு ஏறி மேலே வைத்தேன். நான் இறங்குவதற்குள் மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டாள்.

“வியாழக்கிழமை ரிசல்ட் வரும். நீயேதான் வந்து வாங்கணும். வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்” என்றேன். சரி என்று தலையாட்ட முடியாது, தலையில் மெத்தை. கண்ணை மூடித் திறந்தாள்.

வியாழக்கிழமை தாள் வந்தது. இன்சுலின் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆண் ஹார்மோன் சரியான அளவுக்கு வந்திருந்தது. சனோபர் டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, “இந்தப் பொண்ணுக்கு இனிமே முட்டைக்கு மாத்திரையே தேவைப்படாது போலிருக்கே. புருஷன் எப்ப வர்றான்?” என்று கேட்டார். நான் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நாலு வியாழக்கிழமை போய்விட்டது, கும்ரி வரவில்லை. அவள் நம்பரைப் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. நேற்று மேலாளர் வந்து, சுகாதார அதிகாரிகள் வருகிறார்கள், பெட்டிமேல் காய்ந்து கிடக்கிற அந்த ரொட்டியை எடுத்துப் போடுங்கள் என்றார். தைரியமிருந்தால் தொட்டுப் பாருங்கள் என்றேன்.